சான்று தேவை

பகலில் செகண்ட் லைன் பீச்சில்
விபத்துக் காப்பீட்டுக் கோப்புகள் பார்க்கிறேன்.
கை போனவரிடம் காகிதம் கேட்பது என் உத்தியோகம்.
இரவில், பெரம்பூரில், மின்விசிறி மூன்றில் ஓட
அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன்:
கலைக்களஞ்சியத்தில்
'ஏழாம் நம்பர் கிடங்கு' பற்றிய கட்டுரை.
கறுப்பு வெள்ளை முடியும் காலத்தில் வந்த தாதா படம்.

முதல் வரியிலேயே "காலத்தால் அழியாத காவியம்."
காலத்தை எடுத்தேன். காவியத்தை எடுத்தேன்.
"ஒரு தமிழ்த் திரைப்படம்" மிஞ்சியது.
"ராயபுரத்தையே நடுங்க வைத்த உண்மைக் கதை."
எந்தத் தெரு, யார் நடுங்கினார்கள், எத்தனையாம் பக்கம்?
நூறு நாள் ஓடியது என்று ஒருவர்,
நூற்றெழுபத்தைந்து என்று இன்னொருவர்.
பழைய தினசரி விளம்பரங்களை எண்ணினால்
அறுபத்து மூன்றாம் நாளோடு வேறு படம் வந்துவிட்டது.
அதை எழுதியதற்கு ஒரு ரசிகர்
என்னைப் பெற்றவளை விசாரித்தார்.

நீளம் 148 நிமிடம் என்றிருந்தது.
கடிகாரம் வைத்துப் பார்த்து 151 ஆக்கினேன்.
விட்டுப்போன மூன்று நிமிடத்தில்தான்
துறைமுகம் வருகிறது.

கிரேன். கீழே நின்று ஹீரோ சுடுகிறார்.
மேலே கட்டம் போட்ட சட்டையில் ஓர் அடியாள்
கையை விரித்து
விழுகிறான்.
அடுத்த ஷாட்டில் ஹீரோ சிகரெட் பற்றவைக்கிறார்.

"இக்காட்சியில் நடித்தவர்
உண்மையிலேயே இறந்துவிட்டதாகக் கூறப்படுகிறது."
கூறப்படுகிறது.
அலுவலகத்தில் இந்தச் சொல்லோடு வரும் கோப்பை
நூலைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கன்னிமாராவில் மூன்று சனிக்கிழமை.
விரல் பட்டால் பொடியும் தாளில், ஐந்தாம் பக்கம்,
மண்ணெண்ணெய் விநியோக அறிவிப்புக்குக் கீழே நாலே வரி:
"துறைமுகத்தில் படப்பிடிப்பு.
தவறி விழுந்து ஒருவர் சாவு."
ஒருவர்.

வடபழனியில் விசாரித்து விசாரித்து
சாலிகிராமத்தில் ஒரு தையல் மிஷினில் போய் நின்றேன்.
மகள். பூங்காவனம்.
"பேரு தேசிங்கு, எழுதிக்குங்க.
அந்தச் சட்டை எங்க சித்தப்பாவோடது. கிளிப்பச்சை.
சாயங்காலம் தந்துடறேன்னு வாங்கிட்டுப் போனாரு."
படத்தில் அது சாம்பல்.

காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.
வாய்ப் பழக்கம்.
ஊசியில் நூல் கோத்து முடிக்கும் வரை அவள் பேசவில்லை.
"காகிதம் இருந்திருந்தா
பணம் வந்திருக்குமே சார்."

விதி தெளிவானது.
காதால் கேட்டது செல்லாது, அச்சில் வந்ததே செல்லும்.
தேசிங்கு என்று எழுதவில்லை.
எழுதினால் யாராவது எடுத்துவிடுவார்கள்;
யாரும் எடுக்காவிட்டால் நானே எடுப்பேன்.
கிளிப்பச்சை என்றும் எழுதவில்லை.
"படப்பிடிப்பின்போது ஒருவர் உயிரிழந்தார்."
அடிக்குறிப்பு நான்கு.
கூறப்படுகிறது போயிற்று. அவ்வளவுதான் முன்னேற்றம்.

கதைச் சுருக்கத்துக்கு மட்டும் சான்று கேட்பதில்லை,
படமே சான்று.
அங்கே போனேன்.
பதினொரு பேரைக் கொல்லும் ஹீரோ
பத்தி முழுக்க வருகிறார், போகிறார், மன்னிக்கிறார்.
கடைசிக்கு முந்தைய வரியில்
"கிரேனிலிருந்து அடியாள் ஒருவன் விழுகிறான்."

இரண்டு 'ன்' அழித்தேன்.
இரண்டு 'ர்' போட்டேன்.

என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும் பெட்டியில்
சற்று நேரம் கர்சர் துடித்தது.
எழுத்துப் பிழை, என்று எழுதிச் சேமித்தேன்.